படுக்கையைத் தூக்கினால் வண்டி ஓடும்!

மோட்டார் வண்டி கிளம்ப மறுத்தால், முன்பக்கத்து மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்ப்பதுதான் உலக வழக்கம். அமெரிக்காவிலோ சில சமயம் வேடிக்கையான காட்சி ஒன்றைக் காணலாம். இஞ்சின் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அண்டை அயலார் நாலு பேர் கூடி, வண்டியின் பின்பாதியையே கழற்றி, சுவாமி பல்லக்கைப் போல் தூக்கிக்கொண்டு போகிறார்கள்! திருட்டுக் கும்பலோ என்று பயப்பட வேண்டாம். பெட்ரோல் பம்ப் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

வண்டி என்றால் சாதாரணக் கார் அல்ல, ‘பிக்-அப்’ வண்டி. முன்னால் ஆட்கள் உட்கார ஓர் அறை. பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பெட்டி. இந்தப் பெட்டிக்கு அமெரிக்கர்கள் ‘பெட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆம், படுக்கைதான்! வைக்கோல் கட்டும், செங்கல்லும், மரப்பலகையும் சுகமாகப் படுத்துப் பிரயாணம் செய்கிற படுக்கை.

1925-ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனி தன்னுடைய ‘மாடல் டி’ வண்டியின் பின்னால் இப்படி ஒரு பெட்டியைப் பொருத்தி, 281 டாலருக்கு விற்றது. அன்று முதல் பெரும்பாலான பிக்-அப்களில் ஆள் அறை வேறு, பெட்டி வேறு. இரண்டும் அடியிலுள்ள இரும்புச் சட்டத்தின்மேல் தனித்தனியே உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு சிறிய இடைவெளி. பாரம் ஏற்றி மேடு பள்ளத்தில் போகும்போது சட்டம் சற்றே முறுக்கிக்கொள்ளும். தகடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். 1961-இல் ஃபோர்டு கம்பெனியே அறையையும் பெட்டியையும் ஒட்டி ஒரே உடம்பாகச் செய்து பார்த்தது. இரண்டு மூன்று வருஷங்களிலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, பழையபடி பிரித்துவிட்டது. கூட்டுக் குடும்பம் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை போலும்!

இந்தப் பிரிவினையால் விளைந்த சௌகரியத்தைத்தான் நம்முடைய பல்லக்குக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

பெட்ரோல் பம்புக்கும் சாமான் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பழைய நாள் வண்டிகளில் ஒரு சம்பந்தமும் இல்லை. பம்ப், இஞ்சினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். இஞ்சின் சுழலும்போது ஒரு சிறு நெம்புகோல் ஆடும். உள்ளே ஒரு சவ்வு மேலும் கீழும் அசையும். டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குக் கொடுக்கும். சதுர அங்குலத்துக்கு ஐந்தாறு பவுண்டு அழுத்தம் இருந்தால் போதும். பம்ப் கெட்டால் இரண்டு போல்ட்டைக் கழற்றி வேறொன்றைப் பூட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

1980-களில் கார்புரேட்டரின் ராஜ்யம் அஸ்தமிக்கத் தொடங்கியது. பெட்ரோலை நுண்ணிய திவலைகளாகப் பீச்சும் ‘இஞ்ஜெக்‌ஷன்’ முறை வந்தது. இதற்கு ஐந்தாறு பவுண்டு அழுத்தம் எந்த மூலைக்கு? பல வண்டிகளில் ஐம்பது, அறுபது பவுண்டு வேண்டியிருக்கிறது. ஆகவே மின்சார மோட்டார் வந்தது. அதை எங்கே வைப்பது?

ஆழ்கிணறு வைத்திருப்பவர்களுக்கு விடை தெரியும். மேலே இருந்துகொண்டு தண்ணீரை உறிஞ்சுகிற பம்புக்கு ஓர் எல்லை உண்டு. ஆழம் அதிகமானால் மோட்டாரையே தண்ணீருக்குள் இறக்கி, ‘அங்கேயிருந்து மேலே தள்ளு’ என்று சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் விஷயத்தில் இன்னொரு தொந்தரவும் உண்டு. உஷ்ணமான நேரத்தில் உறிஞ்சி இழுத்தால் அது குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். எனவே மோட்டாரும் பம்பும் சேர்ந்து பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே குடியேறிவிட்டன.

“ஐயையோ! பெட்ரோலுக்குள் மின்சார மோட்டாரா? பற்றிக்கொள்ளாதா?”

நியாயமான பயம். ஆனால் தீ எரியக் காற்று வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை கலந்திருந்தால்தான் பற்றும். குறைந்தாலும் பற்றாது, மிஞ்சினாலும் பற்றாது. மூடிய டாங்கிக்குள் வழக்கமாக ஆவி மிஞ்சியே இருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோல் மோட்டாரைக் குளிர்விக்கிறது, எண்ணெயாகவும் உதவுகிறது. மோட்டாருக்கு அந்த இடத்தில் பரம சௌக்கியம்.

சௌக்கியம் இல்லாமல் போவது அது கெட்டுப்போகும்போது நமக்குத்தான். பம்பை வெளியே எடுக்கும் வாய் டாங்கியின் உச்சியில் இருக்கிறது. பல கார்களில் பின் ஆசனத்தைத் தூக்கினால் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்தால் பம்ப். பிக்-அப் வண்டியிலோ டாங்கிக்கு நேர் மேலே சாமான் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. கையை விடக்கூட இடமில்லை.

ஆகவே வழிகள் இரண்டு: டாங்கியைக் கீழே இறக்கலாம், அல்லது பெட்டியை மேலே தூக்கலாம்.

கேட்டவுடன் முதல் வழிதான் சுலபம் என்று தோன்றும். ஆனால் பெரிய பிக்-அப்பின் டாங்கி 26 காலன், அதாவது சுமார் 98 லிட்டர் பிடிக்கும். நிறைந்திருந்தால் பெட்ரோலின் எடை மட்டும் 160 பவுண்டுக்கு மேல். பம்புக்கு நாள் நட்சத்திரம் பார்க்கத் தெரியாது. டாங்கியை நிரப்பிய மறுநாளே உயிரை விட்டாலும் விடும்! அந்தப் பாரத்தை, வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒற்றை ஜாக்கியின்மேல் தள்ளாட வைத்து இறக்க வேண்டும். குழாய்கள் மேலேயே மாட்டிக்கொண்டிருக்கும்; கண்ணுக்குத் தெரியாமல் தடவித் தடவிக் கழற்ற வேண்டும். பெட்ரோல் சிந்தினால் நேரே முகத்தில்.

சாமான் பெட்டி முந்நூறு, நானூறு பவுண்டு இருக்கும். ஆனால் அதைத் தூக்க நாலு பேர் நிமிர்ந்து நிற்கலாம். பெட்டியைச் சட்டத்தோடு பிணைப்பவை வண்டிக்கு வண்டி ஆறோ எட்டோ போல்ட்டுகள்தாம். பெரிய பொருளைத் தூக்கும் வழிதான் சிறிய பொருளை இறக்கும் வழியைவிடப் பல சமயம் சுருக்கமானது. டாங்கி முக்கால்வாசி காலியாக இருந்து, நல்ல தூக்கு மேடையும் இருந்தால், முதல் வழியையே விரும்பும் மெக்கானிக்குகளும் உண்டு. ஒரே உடம்பாகச் செய்த சில பிக்-அப்கள் இப்போதும் வருகின்றன. அவற்றில் பெட்டியைக் கழற்ற முடியாது.

மூன்றாவதாக ஒரு குறுக்கு வழியும் நடைமுறையில் இருக்கிறது: பெட்டியின் தரைத்தகட்டை ரம்பத்தால் அறுத்து ஓட்டை போடுவது! தீப்பொறி பறக்கும் இடத்துக்குச் சில அங்குலம் கீழே பெட்ரோல் டாங்கி. சில மணி நேர வேலையை மிச்சப்படுத்த உயிரைப் பணயம் வைப்பது எந்த ஊர்க் கணக்கிலும் லாபமாகாது.

பெட்டியில் கை வைக்குமுன், குற்றவாளி பம்ப்தானா என்று விசாரிக்க வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் டாங்கிப் பக்கமிருந்து ஓரிரு விநாடி வண்டு முரல்வது போல ஓசை வரும். அது வராவிட்டால் பம்பின்மேல் சந்தேகம் விழும். ஆனால் சில காசு பெறும் பியூஸ் போயிருந்தாலும் அதே மௌனந்தான்! பியூஸ், ரிலே, வயர் மூன்றையும் பார்த்து, இஞ்சின் அருகே அழுத்தமானியை மாட்டி அளந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு உறுதியானால், துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிவைப்பார்கள். மறுநாள் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, குழாயில் உள்ள அழுத்தத்தைத் தணித்து, பாட்டரியின் இணைப்பைக் கழற்றுகிறார்கள். பெட்ரோல் ஊற்றும் வாயைப் பெட்டியின் பக்கவாட்டில் பிணைத்திருக்கும் திருகுகள் அடுத்து வருகின்றன. பிறகு பின்விளக்கு வயர். அவசரக்காரர்கள் மறப்பது இதைத்தான். பெட்டி மேலே போகும்போது வயரும் அறுந்து கூடவே போகும். கடைசியாக போல்ட்டுகள். மூலைக்கு ஒருவராக நின்று தூக்கி, பின்னால் நகர்த்தி, உறுதியான மரத்தாங்கிகளின்மேல் வைத்துவிடுகிறார்கள்.

இப்போது டாங்கியின் உச்சி பளிச்சென்று தெரிகிறது. பளிச்சென்றா சொன்னேன்? பல வருஷத்துச் சேறும் தூசியும் அங்கே அப்பிக்கிடக்கும்! அதை முதலில் துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் டாங்கிக்குள் விழுந்து புதுப் பம்பையும் கெடுக்கும். குழாய்களையும் மின்சார இணைப்பையும் விடுவித்து, பம்பை அழுத்திப் பிடித்திருக்கும் வளையத்தைத் தட்டித் திருப்புகிறார்கள். பொறி பறக்காமலிருக்க இதற்குப் பித்தளைக் கம்பிதான் உகந்தது. பம்போடு, பெட்ரோல் அளவு காட்டும் மிதவையும் ஒரு நீண்ட கையில் தொங்கிக்கொண்டு வரும். கை வளைந்துவிட்டால் பிறகு முள் காட்டுவதெல்லாம் பொய்க்கணக்கு. புதுப் பம்புக்குப் புது ரப்பர் வளையம் போட்டு, கருகிய வயர் முனை இருந்தால் அதையும் மாற்றிவிடுவார்கள்.

அநுபவசாலி இந்தக் கட்டத்தில் பெட்டியைத் திரும்ப வைத்துவிட மாட்டான். ஆவி கலைந்த பிறகு பாட்டரியை இணைத்து, சாவியை நாலைந்து முறை திருப்பி, அழுத்தம் ஏறுகிறதா, எங்கேயாவது கசிகிறதா என்று கண்ணால் பார்ப்பான். கசிவு இல்லையென்று தெரிந்த பிறகே பல்லக்கு மறுபடி புறப்படும்.

இத்தனை வேலையிலும் மறக்கக் கூடாதது ஒன்று. பெட்ரோல், பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தண்ணீரைப் போலத் தரையோடு தவழும். அமெரிக்க வீடுகளில் கார் ஷெட்டிலேயே வெந்நீர்க் கொதிகலம் இருப்பதுண்டு. அதற்குள் சிறு சுடர் எரிந்துகொண்டிருக்கும். அதைத் தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தி வைக்க வேண்டும் என்று அங்கே கட்டட விதிகள் பொதுவாகச் சொல்வது இதனால்தான். காலி டாங்கி, நிறைந்த டாங்கியைவிடப் பொல்லாதது. காற்று உள்ளே புகுந்து சரிவிகிதமாகக் கலந்திருக்கும். ஆகவே ஷெட்டுக்குள் இந்த வேலை கூடாது. சிகரெட் கிட்டவே வரக் கூடாது. பெட்ரோல் தீயை அணைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

இவ்வளவு சிரமமும் வராமல் தள்ளிப்போடச் சுலபமான உபாயம் உண்டு. பெட்ரோலில் மூழ்கியிருக்கும் வரையில்தான் பம்புக்குக் குளிர்ச்சி. முள் கீழ்க்கோட்டைத் தொட்ட பிறகும் ‘இன்னும் பத்து மைல் போகலாம்’ என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் பம்ப் சூடேறிச் சீக்கிரம் தேயும். கால் டாங்கிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்று மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். எப்படியும் வாங்கத்தான் போகிற பெட்ரோல். கொஞ்சம் முன்னதாக வாங்கினால் நஷ்டம் என்ன? அண்டை வீட்டுக்காரர்கள் நாலு பேரும் சனிக்கிழமை நிம்மதியாகத் தூங்குவார்கள் அல்லவா?