பட்டாசுத் தொழிலில் தொழிலாளரும் ஒப்பந்ததாரரும்: தாயில்பட்டிப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் அமைந்த தாயில்பட்டியும் அதன் சுற்றூர்களும் பட்டாசுத் தொழிலைச் சார்ந்து வாழ்வன. இங்குப் பலர் நாட்கூலியாக அன்றி, செய்து முடித்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுகின்றனர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையின் அறைகள் பிறருக்கு உள்குத்தகையாக விடப்படுவதும் உண்டு. இந்நிலையில் வேலை செய்பவர் தொழிலாளரா, தனி ஒப்பந்ததாரரா என்னும் வினா எழுகிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரவேண்டியவர் யார் என்பது இதன் விடையைப் பொறுத்தது.

நீதிமன்ற அளவுகோல்

தாராங்கதரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கில் (1957), விளைவித்த உப்பின் அளவுக்கேற்பக் கூலி பெற்ற அகரியாக்களைத் தொழிலாளர் என்றே உச்சநீதிமன்றம் ஏற்றது. வேலையின் விளைவை மட்டுமன்றி, அதைச் செய்யும் முறையையும் கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே அளவுகோலாயிற்று. மாறாக, சிந்தாமன் ராவ் வழக்கில் (1958), புகையிலை பெற்று வேறிடத்தில் பீடி சுற்றுவித்துக் கொடுத்த சட்டேதார்கள் தனி ஒப்பந்ததாரர் எனப்பட்டனர். உசேன்பாய் வழக்கு (1978), இடையில் ஒப்பந்ததாரர் இருப்பினும் பிழைப்பு யார் கையில் உள்ளதோ அவரே உண்மை முதலாளி எனக் கொண்டது.

பட்டாசாலையில் பொருத்திப் பார்த்தல்

மருந்தின் அளவும் ஓர் அறையில் இருக்கத்தக்க ஆள் எண்ணிக்கையும் சட்ட விதிகளுக்கு உட்பட்டவை. வேலை போர்மேனின் மேற்பார்வையில் நடைபெற வேண்டியது. எனவே தன் விருப்பப்படி இயங்கும் ஒப்பந்ததாரருக்கு அங்கு இடம் குறைவு. தொழிற்சாலைகள் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், ஒப்பந்ததாரர் வழியாக, முதன்மை முதலாளி அறியாமலே அமர்த்தப்பட்டவரையும் தொழிலாளர் வரையறைக்குள் கொணர்ந்தது.

2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த ஆலை குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து விசாரித்து, இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

வீட்டு வேலை

1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் பீடி சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. பட்டாசுக்கு அவ்வழி இல்லை. உரிமமின்றி வீட்டில் தயாரிப்பது குற்றமாகும். 2021 ஜூனில் தாயில்பட்டியில் ஒரு வீட்டில் நேர்ந்த வெடிவிபத்தும் உயிர்களைப் பறித்தது. வீட்டில் சரவெடி பின்னுபவர் தம்மைத் தொழிலாளர் என நிலைநாட்ட முனைந்தால், தம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள நேர்கிறது. வேலை கொடுத்தவருக்கு அவரது மௌனமே அரணாகிறது.

முடிவுரை

ஆலைக்குள் பணிபுரிவோரைத் தொழிலாளர் என ஏற்கச் சட்டத்தில் தடையில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாமையே தடை. வீட்டில் செய்வோர்க்கோ சட்டத்திலேயே இடமில்லை. முன்னவர்க்குத் தேவை பதிவு. பின்னவர்க்குத் தேவை, வேலை கொடுத்தவரைக் காட்டிக்கொடுத்தாலும் தாம் தண்டிக்கப்படாத பாதுகாப்பு.