ஒரு கண்ணி நழுவினால்

போன வருஷம் மே மாத லீவில், எட்டு வயது மகளுக்கு இரண்டு நிட்டிங் ஊசியும் ஒரு பந்து உல்லன் நூலும் வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் பின்னத் தெரியாது. வீடியோ பார்த்து இருவரும் சேர்ந்தே கற்றுக்கொண்டோம். இருபது கண்ணி ஏற்றி, நாலு நாளில் ஒரு சாண் நீளத்துக்குப் பின்னிவிட்டாள். ஐந்தாம் நாள் ஊசி உருவிக்கொண்டது. பதறிப்போய்த் துணியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "அப்பா, எல்லாம் போச்சு" என்று அழுதவள், அதற்கப்புறம் அந்தப் பையைத் தொடவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் பிசகு என்னுடையது. எதை முதலில் கொடுப்பது என்பதில் கோட்டை விட்டேன். எங்கள் வேலையில் அடிக்கடி ஒரு கேள்வி வரும்: இது உடைந்தால் எதுவரைக்கும் உடையும்? அதே கேள்வியைப் பின்னல், தையல் வேலைகளிடமும் கேட்கலாம் என்று அப்புறம்தான் தோன்றியது.

நிட்டிங்கில் ஒரு வரிசையின் கண்ணிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஊசியில் தொங்குகின்றன. மேல் கண்ணிதான் அதன் கீழே இருப்பதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்று நழுவினால் அதற்குக் கீழே உள்ளது, அதற்கும் கீழே உள்ளது என்று ஏணி மாதிரி இறங்கிக்கொண்டே போகும். பழைய பனியனில் சின்ன ஓட்டை விழுந்து நீளமாகப் பிரியுமே, அதே கதைதான். (திருப்பூர் பனியன் துணியும் நிட்டிங்தான், மெஷின் போடுகிறது, அவ்வளவே.)

குரோஷாவில் கொக்கியில் இருப்பது ஒரே ஒரு கண்ணி. மற்றதெல்லாம் ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது. கொக்கி கீழே விழுந்தால் எடுத்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம். தப்பாகப் போட்டிருந்தால் நூலை இழுத்தால் போதும், போட்ட வரிசையிலேயே பின்னோக்கிப் பிரியும், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். இவ்வளவு நல்ல 'அன்டூ' எங்கள் மென்பொருள்களிலேயே கம்மி. அம்மா பின்னிய ஒயர் கூடையில்கூட இது கிடையாது, முடிச்சு இறுகிவிட்டால் அவிழ்ப்பதற்குள் விரல் போய்விடும்.

இந்த வித்தியாசம் ஒரு கணித வேலையிலும் தலைகாட்டியிருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா, 1997-ல் ஹைபர்போலிக் தளத்துக்கு மாதிரி செய்ய நினைத்தார். காகித மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துவிடும். நிட்டிங் முயன்று பார்த்தார், ஊசியில் கண்ணிகள் பெருகிக்கொண்டே போயின. அதனால் குரோஷாவுக்கு மாறினார். விதி ரொம்பச் சின்னது: குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிகளுக்கு ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். வருவது கோழிக்கொண்டைப் பூ மாதிரி சுருக்கம் சுருக்கமான பரப்பு.

குழந்தைகள் பண்ணும் பிசகும் இதே வகைதான். வட்டம் பின்னும்போது ஆறு கண்ணியில் ஆரம்பித்து, சுற்றுக்கு ஆறு வீதம் கூட்டினால் தட்டையாக வரும். எண்ண மறந்து அதிகம் கூட்டினால் சுருக்கம் விழும். குறைத்துவிட்டால் ஓரம் எழும்பிக் கிண்ணமாகும். எதுவானாலும் கடைசியில் ஒரு பொருள் கையில் இருக்கும். எட்டு வயசுக்கு இது பெரிய விஷயம்.

கைத்தையலில் ஊசியைவிடக் கத்தரிக்கோல்தான் ஆபத்து. ஓட்டுத் தையல் கோணலானால் நூலை உருவிவிடலாம், வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. ஆகவே முதல் சில மாதம் நாமே வெட்டிக் கொடுத்துவிடுவது நல்லது.

துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்டில் வேறு சிக்கல். பிழை கூடிக்கொண்டே போகும். எட்டுச் சதுரங்களை வரிசையாக இணைத்தால் ஏழு தையல். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் அதிகம் மடிந்தால் வரிசை 14 மில்லிமீட்டர் குறைந்துவிடும். அடுத்த வரிசையோடு பொருந்தாது. அதனால் குவில்ட் கடைசியில்தான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்து சித்தி மக்கள் தைக்கும் 'கவந்தி' பற்றிப் படித்ததும் அந்த முடிவு ஆட்டம் கண்டது. ஆப்பிரிக்க வம்சாவளியினரான இவர்கள், பழைய புடவையை அடியில் விரித்து, மூலையில் தொடங்கி, கிடைத்த துண்டுகளின் ஓரத்தை மடித்து வைத்து, ஓட்டுத் தையலாலேயே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போகிறார்கள். அளவெடுத்து வெட்டிய சதுரங்கள் தேவையில்லை. ஒரு துண்டு கோணலானால் அடுத்த துண்டு அதன்மேல் ஏறி மறைத்துவிடும், பிழை அங்கேயே நின்றுபோகும். குழந்தைக்கு ஏற்ற முறை இதுதான் என்று எனக்குப் படுகிறது. தலையணை அளவில் ஒன்று ஆரம்பித்திருக்கிறோம்.

மகள் இப்போது குரோஷாவில் மும்முரம். டம்ளர் வைக்க என்று பின்னியது கிண்ணமாகிப்போய், ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாள்.

நிட்டிங் பையைப் போன ஞாயிறு வெளியே எடுத்தேன். நழுவிய கண்ணியைக் குரோஷா கொக்கியாலேயே ஏணியின் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிவிடலாம் என்று இப்போதுதான் தெரிந்தது. ஒரு கண்ணியை ஏற்றிக் காட்டினேன். கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்ததை அவளே ஏற்றினாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல, அப்பா?"