‘மோஸு’வா, ‘ஒஷ்ஷாரு’வா? இயந்திரம் எழுதும் ஜப்பானியத்தை மதிப்பிடும் பணி

பாலராமபுரத்தின் சாலியர் தெருக்களில் வீட்டுக்குள் தமிழும் கடைவீதியில் மலையாளமும் வழங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட நெசவாளர்களின் வழிவந்தோர் அங்கு வாழ்கின்றனர். நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரையுள்ள எல்லையோர ஊர்களிலும் இவ்விரு மொழிப் பழக்கத்தைக் காணலாம். யாரிடம் எந்த மொழியில், எவ்வளவு மரியாதையுடன் பேச வேண்டும் என்பதை இங்குள்ள பிள்ளைகள் இலக்கணம் படிக்கும் முன்பே அறிந்துகொள்கின்றனர். அத்தகைய செவிக்கு ஊதியம் தரும் தொழில் ஒன்று இப்போது இணையத்தின் வழியே வந்துள்ளது. செயற்கை நுண்ணறிவு எழுதும் விடைகளைப் படித்து மதிப்பிடுவதே அது. ஜப்பானிய மொழி கற்ற நம் இளைஞர்களுக்கு அதில் இடம் உண்டா?

மதிப்பீட்டாளரின் திரையில் ஒரு கேள்வியும் அதற்கு இயந்திரம் அளித்த இரண்டு விடைகளும் தோன்றும். எது மேலானது, தகவல் சரியா, கேட்டதற்கே விடை கூறப்பட்டுள்ளதா, நடை இயல்பானதா என்று மதிப்பெண் இட்டு, காரணத்தையும் எழுத வேண்டும். இத்தீர்ப்புகளைக் கொண்டே இயந்திரம் மேலும் பயிற்றுவிக்கப்படுகிறது. 2022இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்றில், ஏறத்தாழ 40 ஒப்பந்தப் பணியாளர்களின் மதிப்பீட்டைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட 130 கோடி அளவுருக்கள் கொண்ட சிறிய மாதிரியின் விடைகள், 17,500 கோடி அளவுருக்கள் கொண்ட பழைய மாதிரியின் விடைகளைவிட விரும்பப்பட்டன. மனிதரின் தீர்ப்புக்கு இத்துறையில் உள்ள மதிப்பை இதிலிருந்து உணரலாம்.

ஜப்பானியத்தில் இத்தீர்ப்பு எளிதன்று. வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும், வேற்றுமையைக் காட்டும் சொல் பெயருக்குப் பின்னால் வருவதும் தமிழருக்குப் பழக்கமானவையே. (இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ வாதிட்டார், மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.) இடறச் செய்வது மரியாதை வழக்கு. ‘சொல்லுதல்’ என்பதற்குப் பேசுபவர் தம்மைத் தாழ்த்திக் கூறும் சொல் ‘மோஸு’. பிறரை உயர்த்திக் கூறும் சொல் ‘ஒஷ்ஷாரு’. வாடிக்கையாளர் கூறியதை ‘மோஸு’ என எழுதினால், நம் வங்கியின் கடிதத்தில் ‘நீ சொன்னாய்’ என்று அச்சிட்டது போலாகும். தகவல் முழுவதும் சரியாக இருந்தும் கடிதம் அனுப்பத் தகாததாகிவிடும். எண்களும் அப்படியே. ஜப்பானியர் பத்தாயிரத்தை ஒரு ‘மான்’ என்றும், பத்துக் கோடியை ஓர் ‘ஒகு’ என்றும் கணக்கிடுகின்றனர். ‘ஒகு’வைக் கோடி எனக் கொண்டால் தொகை பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

சான்றிதழ் மட்டும் போதுமா? ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வு என்5 தொடங்கி என்1 வரை ஐந்து நிலைகளில் நடைபெறுகிறது, சென்னையிலும் எழுதலாம். ஆனால் அதில் கட்டுரை எழுதும் பகுதியும் இல்லை, பேசும் பகுதியும் இல்லை. தவறான விடையைத் தம் சொற்களில் திருத்தி எழுத வேண்டிய மதிப்பீட்டாளருக்கு அந்தப் பயிற்சி வேறிடத்தில்தான் கிடைக்க வேண்டும். நாளிதழ்களையும் அலுவல் கடிதங்களையும் இடைவிடாது படிப்பதே வழி என்பது என் கருத்து.

வேறொரு தடையும் உண்டு. ஜப்பானியப் பணிகள் பலவற்றுக்கு, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரோ ஜப்பானில் வசிப்பவரோதான் வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். இதைக் கடக்க, பிறர் பெயரில் உள்ள பணிக் கணக்கை வாடகைக்குத் தருவதாகச் சிலர் அணுகக்கூடும். ஊதியம் வர உங்கள் வங்கிக் கணக்கைக் ‘கொஞ்ச நாள்’ தரும்படியும் கேட்கக்கூடும். இரண்டையும் மறுத்துவிடுங்கள். உங்கள் கணக்கின் வழியே மோசடிப் பணம் நகர்ந்தால் கணக்கு முடக்கப்படலாம். விசாரணைக்கும் நீங்களே பதில் கூற வேண்டியிருக்கும். வேலை தருவதற்கு முன்பணம் கேட்போரும் இந்த வரிசையினரே. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

முறையான பணியில் ஊதியம் மணிக்கணக்கிலோ பணிக்கணக்கிலோ, பெரும்பாலும் டாலரில் வருகிறது. பணம் வரும்போது அதன் நோக்கக் குறியீட்டைச் சரியாகக் குறிப்பிட்டு, வரவுச் சான்றைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அது வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டிய வருவாய். திட்டம் ஒன்று முன்னறிவிப்பின்றி நிற்பதும், மாதக்கணக்கில் பணி வராமலிருப்பதும் இத்தொழிலில் இயல்பு. எனவே இவ்வருவாயை மட்டும் நம்பி வாகனக் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ தவணை நிர்ணயிப்பது சரியன்று. ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்த பிறகு கடனைப் பற்றி யோசிக்கலாம்.

எல்லையோர இளைஞருக்குப் பொருத்தமான மற்றொரு பிரிவும் உண்டு. ஜப்பானியத்திலிருந்து தமிழுக்கும் மலையாளத்துக்கும் இயந்திரம் செய்யும் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது அது. அதற்கு டோக்கியோவில் பிறந்தவர் தேவையில்லை. ‘தாங்கள்’ எங்கே, ‘நீங்கள்’ எங்கே என்று அறிந்தவர் தேவை.