வீட்டுக்குள் வலை – 7: ஊசி இல்லாத கனெக்டர்

மோடத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பவர், விளக்குகள் போன வாரமே முடிந்தன. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் ஈத்தர்நெட் என்று சொல்லியிருந்தேன். பக்கத்தில் மரை போட்டு நீட்டிக்கொண்டிருக்கும் அந்த உலோகக் குழல் விட்டால்தானே!

அதன் பெயர் எஃப் கனெக்டர். டி.டி.எச். பெட்டிக்குப் பின்னாலும் இதேதான். கேபிளைக் கழற்றி முனையைப் பாருங்கள். நடுவில் ஊசிபோல் நிற்பது கனெக்டரின் பாகம் இல்லை, கேபிளின் சொந்தக் கம்பி! கறுப்புத் தோலை உரித்து, பின்னல் கம்பியைப் பின்னால் மடித்து, வெள்ளை நுரையைச் சீவிவிட்டால், சுமார் 1 மி.மீ. பருமனுள்ள அந்தக் கம்பியே ஊசியாகிவிடுகிறது. ஊசிக்கென்று தனிச் செலவு கிடையாது. அதுவும் பல கேபிள்களில் முழுச் செம்பு அல்ல, செம்பு பூசிய எஃகு. காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும் என்பதால் பூச்சே போதுமாம். கஞ்சத்தனத்தில் இப்படி ஓர் அழகா?

இதை 1950களின் தொடக்கத்தில் வடிவமைத்தவர் எரிக் வின்ஸ்டன். வேலை பார்த்தது பென்சில்வேனியாவின் ஜெரால்ட் எலக்ட்ரானிக்ஸில். அதே மாநிலத்தில் லான்ஸ்ஃபோர்டு என்றொரு சுரங்க ஊர். மலை மறைப்பதால் பிலடெல்பியா டி.வி. சரியாக எடுக்காது. படம் தெரியாத ஊரில் டி.வி. பெட்டி எப்படி விலைபோகும்? அங்கே கடை வைத்திருந்த ராபர்ட் டார்ல்டன் 1950-இல் மலைமேல் ஆன்டெனா நட்டு, வீடுவீடாகக் கேபிள் இழுத்துவிட்டார். கருவிகள் ஜெரால்ட் நிறுவனத்துடையவை. அதன் நிறுவனர் மில்டன் ஜெரால்ட் ஷாப், தன் நடுப்பெயரையே கம்பெனிக்கு வைத்தவர். பின்னாளில், 1971 முதல் 1979 வரை, அவர்தான் பென்சில்வேனியாவின் கவர்னர். நம்மூர்போல நியமனம் இல்லை, தேர்தலில் ஜெயித்து!

சரி, மோடத்துக்கு வருவோம். டி.வி.க்குச் சிக்னல் வந்தால் போதும். மோடம் திருப்பியும் அனுப்ப வேண்டும். அமெரிக்கக் கேபிள் அமைப்புகளில் நெடுங்காலம் அதற்கு ஒதுக்கியிருந்தது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ். சிற்றலை வானொலியும், லாரிக்காரர்கள் பேசும் 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. ரேடியோவும் இதற்குள்தான் வருகின்றன. எஃப் கனெக்டரின் நட் தளர்ந்தால் கம்பியைச் சுற்றிக் காக்கும் உலோக உறையில் இடைவெளி விழும், அதன் வழியே வெளி இரைச்சல் நுழையும். நுழைந்தது அந்த வீட்டோடு நிற்காது. பல வீடுகளிலிருந்து மேலே போகும் சிக்னல் எல்லாம் கால்வாய்கள் ஏரியில் விழுவதுபோல ஒரே இடத்தில் சேருவதால், ஒரு வீட்டின் தளர்ந்த நட் தெருவுக்கே இன்டர்நெட்டைக் கெடுக்கும். யார் வீடு என்று கண்டுபிடிப்பதற்குள் டெக்னீஷியனுக்குப் பாதி உயிர் போய்விடும்.

ஆகவே ஆன்லைன் விளக்கு மினுக்கினால், புகார் எண்ணைத் தேடுமுன் அந்த நட்டைத் தொட்டுப் பாருங்கள். கையால் ஆடினால் இறுக்குங்கள். மரை கோணலாக ஏறினால் கழற்றி மறுபடி ஏற்றுங்கள். ஸ்பேனர் வைத்து வீரம் காட்டினால் மோடத்துக்குள் இருக்கும் சாலிடர் விட்டுப்போகும்.

ஈத்தர்நெட் துளைகள் நான்கும் அடுத்த வாரம். அதுவரை ஓரத்தில் இருக்கும் அந்தப் பொடி ரீசெட் துளையில் ஊக்கை விட்டு அழுத்திப் பிடிக்காதீர்கள். வைஃபை பாஸ்வேர்டு அழிந்துவிடும், வீட்டில் எல்லாரும் உங்களைத்தான் கேட்பார்கள்.