பிசைந்தால் கரையாத கட்டி

“பால் கட்டிக்கிச்சு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து நல்லா அழுத்திப் பிசைஞ்சு விடு.” பச்சை உடம்புக்காரியின் மார்பில் கட்டி தென்பட்டதும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வைத்தியம் இது. அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சூடு வை, அழுத்தித் தேய், பாலை மிச்சமில்லாமல் எடு என்றுதான் அண்மைக்காலம்வரை மருத்துவர்களும் சொல்லிவந்தார்கள். அப்படிச் செய்தும் கட்டி திரும்பத் திரும்ப வருகிறதே என்று அழும் தாய்மார்களுக்குச் சரியான பதில் இல்லாமல் இருந்தது.

2022இல் ‘தாய்ப்பால் மருத்துவ அகாடமி’ என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு தன் வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியது. பால் திரண்டு ஒரு குழாயை அடைத்துக்கொள்கிறது, அதைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணத்தையே அது கைவிட்டது.

இதற்குப் பின்னால் உடற்கூறியல் இருக்கிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், இறந்த பெண்களின் பால்குழாய்களில் வண்ண மெழுகைச் செலுத்திப் பார்த்து 1840இல் ஒரு நூல் வெளியிட்டார். காம்புக்கு அடியில் பால் தேங்கும் பைகள் உண்டு என்ற சித்திரம் அதிலிருந்து பாடநூல்களுக்குப் போய் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது. 2005இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலூட்டும் பெண்களின் மார்பை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது அப்படியொரு பையைக் காணோம். காம்பில் திறக்கும் முக்கியக் குழாய்கள் சராசரியாக ஒன்பது. விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். தோலுக்கு வெகு அருகில் ஓடும் அவை லேசாக அழுத்தினாலே மூடிக்கொள்ளும். பால் தங்குவது குழாயில் அல்ல, அதைச் சுரக்கும் நுண்ணறைகளில்.

அப்படியானால் கையில் தட்டுப்படும் கட்டி எது? பெரும்பாலும் வீக்கம்தான். சுற்றியுள்ள திசுவில் நீர் கோத்து, ரத்தக்குழாய்கள் விரிந்து, நடுவில் ஓடும் பால்குழாய்கள் நெரிபடுகின்றன. சுளுக்கிய கணுக்காலை முட்டியால் குத்திப் பிசைவோமா? மார்புக்கு மட்டும் அதைத்தான் செய்துவந்திருக்கிறோம். அழுத்த அழுத்த நுண்குழாய்கள் காயப்பட்டு வீக்கம் கூடுகிறது.

மறுபடி மறுபடி வருவதற்கு இன்னொரு காரணம், தேவைக்கு மேல் சுரக்கும் பால். பால் தேங்கினால் ‘போதும்’ என்ற சமிக்ஞை கிடைத்து அந்த மார்பில் சுரப்பு குறையும். எடுக்க எடுக்கக் கூடும். குழந்தை குடித்து முடித்த பிறகும் பம்ப் வைத்து ஒட்ட எடுப்பவர், இரட்டைக் குழந்தைக்கான பாலைச் சுரக்கும்படி உடம்பைப் பழக்குகிறார். இதற்கிடையே பால் ஊறும் என்று தரும் பூண்டும் சுறாப்புட்டும் வேறு. பால் பற்றாதவருக்குச் சமைத்துத் தரலாம். பால் கட்டிக்கொண்டு தவிப்பவருக்கு எதற்கு?

சுரப்பை அடக்கவும் நம்மிடம் ஒரு வழி இருந்திருக்கிறது: மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதைப் பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் பாலை வற்றச் செய்கிறது என்று 1988இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். அது பாலை நிறுத்த வேண்டியவர்களுக்கு. தொடர்ந்து பாலூட்டப்போகும் தாய் முயன்று பார்க்க வேண்டியதில்லை.

அவர் செய்ய வேண்டியவை எளிமையானவை. பசிக்கு ஏற்றபடி வழக்கம்போல் குழந்தைக்குக் கொடுக்கலாம். கூடுதலாக எடுக்க வேண்டாம். அடிக்கடி பம்ப் செய்து பழகியவர் ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கட்டும். துணியில் சுற்றிய ஐஸ்கட்டி ஒத்தடம் வீக்கத்தைத் தணிக்கும். தடவுவதானால் தோல் மட்டும் நகரும் அளவுக்கு, அக்குளை நோக்கி மென்மையாக. இறுக்கமான உள்ளாடை ஆகாது. மருத்துவரைக் கேட்டு ஐபுபுரூஃபன் எடுத்துக்கொள்ளலாம். பாலூட்டுபவருக்கு அது பொதுவாகப் பாதுகாப்பானதே. காம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஊசியால் குத்தவே கூடாது.

ஒரு நாளாகியும் வலியும் சிவப்பும் தணியாவிட்டால், காய்ச்சலும் குளிரும் விடாவிட்டால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். கிருமித்தொற்று என்றால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அப்போதும் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை, அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டிக்கும், நாள்கணக்கில் கரையாத கட்டிக்கும் ஸ்கேன் அவசியம். சீழ்க்கட்டியையும், அரிதாகப் புற்றுநோயையும் ‘பால்கட்டுதானே’ என்று விட்டுவிட்டவர்கள் உண்டு.