பட்டணத்தில் எங்கே தங்கலாம்?

நம் தீவுகளிலிருந்து பலர் சென்னைக்குப் போகிறோம். சிலர் மேல் சிகிச்சைக்குப் போகிறார்கள். சிலர் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறார்கள். சிலர் சொந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போகிறார்கள்.

நம் தலைநகர் போர்ட் பிளேயர். 2024-ஆம் ஆண்டு இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். இங்கிருந்து சென்னை கடல் வழியாக ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கப்பலில் போனால் சுமார் மூன்று நாள் ஆகும். விமானத்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும்.

டிக்கெட் வாங்கப் பல நாள் அலைகிறோம். துணிமணி எடுத்து வைக்கிறோம். ஆனால் எங்கே தங்குவது என்று யோசிக்கிறோமா? பலர் யோசிப்பதில்லை. இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

மூன்று நாள் கப்பலில் வந்த உடம்பு களைத்திருக்கும். கையில் மூட்டை இருக்கும். கூடவே நோயாளி இருப்பார். அந்த நேரத்தில் யார் எந்த லாட்ஜைக் காட்டினாலும் போய்விடுவோம். கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவோம். வைத்தியத்துக்குச் சேர்த்த பணம் வாடகைக்கே போய்விடும். ஆகவே, கிளம்பும் முன்பே யோசிக்க வேண்டும்.

எது மலிவு?

வாடகை குறைந்த அறைதான் மலிவான அறை என்று நினைக்கிறோம். அது சரியா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தாயும் மகளும் சென்னைக்குப் போகிறார்கள். தாய்க்குச் சிகிச்சை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கு ஐந்து நாள் போக வேண்டும். இரண்டு லாட்ஜுகள் இருக்கின்றன.

முதல் லாட்ஜ் தாம்பரத்தில் இருக்கிறது. ஒரு நாள் வாடகை 600 ரூபாய். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு ஆட்டோவில் போக வேண்டும். போக 80 ரூபாய், வர 80 ரூபாய். ரயிலில் இரண்டு பேருக்கும் போய்வர 40 ரூபாய். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 800 ரூபாய். ஐந்து நாளைக்கு 4,000 ரூபாய்.

இரண்டாவது லாட்ஜ் பெரியமேட்டில், மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு நாள் வாடகை 700 ரூபாய். மெல்ல நடந்தே போகலாம். வண்டிச் செலவு இல்லை. ஐந்து நாளைக்கு 3,500 ரூபாய்.

இப்போது எது மலிவு? வாடகை கூடுதலான அறைதான் மலிவு! 500 ரூபாய் மிச்சம். தாய்க்கு அலைச்சலும் மிச்சம். மதியம் அறைக்கு வந்து கொஞ்சம் படுத்துக்கொள்ளலாம்.

இவை கணக்குக்காகச் சொன்ன தொகைகள். நீங்கள் போகும்போது வாடகை வேறாக இருக்கும். ஆனால் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்:

வாடகை + தினமும் போய்வரும் செலவு = தங்கும் செலவு.

எதற்குப் போகிறோம்?

எந்த வேலைக்குப் போகிறோமோ, அந்த வேலைக்குப் பக்கத்தில் தங்க வேண்டும். தாம்பரத்தில் கல்யாணம் என்றால் தாம்பரத்தில் தங்குவதே நல்லது. மருத்துவமனை என்றால் எந்த மருத்துவமனை என்று பார்க்க வேண்டும்.

பொது மருத்துவமனைக்குப் போகிறவர்கள் பெரியமேடு, சென்ட்ரல் பக்கம் தங்கலாம். குழந்தைகள் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம், கென்னட் சந்தில் லாட்ஜுகள் நிறைய உண்டு. ஸ்டான்லி மருத்துவமனை பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. அங்கே போகிறவர்களுக்கு மண்ணடி, பாரிமுனை வசதி. இந்த இடங்கள் துறைமுகத்துக்கும் பக்கம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறீர்களா? அப்படியானால் சென்னையில் அறை எடுத்து அலைய வேண்டாம். சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு ரயில் இருக்கிறது. சுமார் இரண்டு மணி நேரப் பயணம். காட்பாடியில் இறங்கி வேலூருக்குப் போய் அங்கேயே தங்குங்கள்.

திருவல்லிக்கேணியில் 'மேன்ஷன்' என்று பல கட்டடங்கள் உண்டு. அவை பெரும்பாலும் தனி ஆண்கள் மாத வாடகைக்குத் தங்கும் இடங்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்றவை அல்ல.

ரயில் பாதையை ஒட்டித் தங்குங்கள்

பக்கத்தில் அறை கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுக்க வேண்டும்.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடுகிறது. கோட்டை, பூங்கா, எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம், கிண்டி ஆகியவை இந்தப் பாதையில் உள்ளன. கடற்கரை நிலையம் துறைமுகத்துக்குப் பக்கம். பூங்கா நிலையம் சென்ட்ரலுக்கும் பொது மருத்துவமனைக்கும் பக்கம். திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. இந்த ஒரு பாதை தெரிந்தால் பாதிச் சென்னை தெரிந்த மாதிரி.

மெட்ரோ ரயிலும் உண்டு. விமான நிலையத்திலிருந்து 2016 முதல் மெட்ரோ ஓடுகிறது. அதில் ஏறி சென்ட்ரலில் இறங்கலாம். மின்சார ரயிலைவிடக் கட்டணம் கூடுதல். ஆனால் லிப்ட் இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு உதவும்.

ஒன்றைக் கவனியுங்கள். மக்கள் வாயில் 'சென்ட்ரல்' என்றுதான் சொல்வார்கள். 2019-இல் அந்த நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பெயர் வைத்தார்கள். பலகையில் நீளமான அந்தப் பெயர்தான் இருக்கும். படித்துக் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒன்றுதான்.

தெற்கே திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். முன்பு அந்தப் பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து புறப்பட்டன. 2023 டிசம்பரில் வண்டலூர் அருகே கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். பழைய நினைவில் கோயம்பேட்டில் அறை எடுத்துவிடாதீர்கள். பஸ் எங்கிருந்து புறப்படுகிறது என்று கேட்ட பிறகு அறை எடுங்கள்.

கேட்டுப் பேசுங்கள்

லாட்ஜில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இப்படிக் கேளுங்கள்.

"சார், ரெண்டு பேருக்கு ரூம் இருக்கா?"

"இருக்கும்மா. எத்தனை நாளைக்கு?"

"அஞ்சு நாளைக்கு. வரியோட சேத்து ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"வரி தனி."

"சேத்துச் சொல்லுங்க சார். அட்வான்ஸ் எவ்வளவு? ரசீது குடுப்பீங்களா?"

"குடுப்போம்மா."

"முதல்ல ரூமைப் பாத்துடறோம். அப்புறம் பணம் கட்டறோம்."

அறையைப் பார்க்கும்போது குழாயைத் திறந்து பாருங்கள். தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். எத்தனை மாடி ஏற வேண்டும்? லிப்ட் வேலை செய்கிறதா? முழங்கால் வலி உள்ளவர் உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பறை இருக்கிறதா? இவற்றையும் பாருங்கள்.

ஆதார் அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள். அது இல்லாமல் அறை கிடைப்பது கடினம்.

படித்துப் பாருங்கள்

லாட்ஜ் வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கும். சில இடங்களில் '24 மணி நேரம்' என்று எழுதியிருக்கும். சில இடங்களில் 'பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும்' என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

நீங்கள் இரவு 9 மணிக்கு அறை எடுக்கிறீர்கள். மறுநாள் மாலை 5 மணிக்குக் காலி செய்கிறீர்கள். 24 மணி நேர லாட்ஜில் ஒரு நாள் வாடகைதான். பகல் 12 மணி லாட்ஜில் இரண்டு நாள் வாடகை கேட்கலாம். கப்பல் எந்த நேரத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே நமக்கு 24 மணி நேர லாட்ஜ் நல்லது.

பதிவேட்டில் நீங்கள் வந்த தேதியும் நேரமும் எழுதுவார்கள். அதைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இரவு 9 மணி என்பதைக் காலை 9 மணி என்று எழுதியிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

போனில் அறை பதிவு செய்யும்போதும் கவனம் வேண்டும். முன்பின் தெரியாதவர் முழுப் பணத்தையும் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். போன் வழியாக யாராவது பணத்தை ஏமாற்றி எடுத்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வேறு வழிகளும் உண்டு

சென்னையில் நம் தீவு நிர்வாகத்தின் விருந்தினர் இல்லம் இருக்கிறது. யாருக்கு அறை கொடுப்பார்கள், எப்படி விண்ணப்பிப்பது என்று இங்கே நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். ஜி.பி. பந்த் மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படும் நோயாளிகள், தங்குவது பற்றி அங்கேயே விசாரிக்கலாம். பெரிய ரயில் நிலையங்களில், ரயில் டிக்கெட் எடுத்தவர்களுக்குத் தங்கும் அறைகள் உண்டு. வேலூருக்கோ மதுரைக்கோ ரயில் மாறுகிறவர்களுக்கு அது உதவும்.

திரும்பும் நாளையும் நினையுங்கள்

கப்பல் தினமும் கிடையாது. புயல், மழைக் காலத்தில் கப்பல் தள்ளிப்போகும். வைத்தியம் முடிந்தும் காத்திருக்க நேரும். அப்போது கையில் பணம் இல்லாவிட்டால் என்ன செய்வது? ஊர் பேர் தெரியாத இடத்தில் யாரிடம் கடன் கேட்பது? ஆகவே, குறைந்தது இரண்டு மூன்று நாள் வாடகையைத் தனியாக முடிந்து வையுங்கள். கப்பல் புறப்படும் நாள் உறுதியான பிறகே அறையைக் காலி செய்யுங்கள்.

நீங்களே கணக்குப் போடுங்கள்

1. ஒரு லாட்ஜில் வாடகை 500 ரூபாய். தினமும் போய்வர 250 ரூபாய். இன்னொரு லாட்ஜில் வாடகை 650 ரூபாய். போய்வர 40 ரூபாய். நான்கு நாளைக்கு எது மலிவு? எவ்வளவு மிச்சம்?

2. உங்கள் வீட்டில் யார் சென்னைக்குப் போகப்போகிறார்கள்? எந்த வேலைக்கு? அதற்கு எந்தப் பகுதி பக்கம்? போய் வந்தவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள்.

3. அந்தத் தாளிலேயே இரண்டு லாட்ஜுகளின் பெயர், போன் எண், வாடகை ஆகியவற்றையும் எழுதுங்கள். டிக்கெட்டோடு சேர்த்துப் பையில் வையுங்கள்.