நிருபரும் பள்ளி அபிமானமும்

பள்ளிக்கூட அபிமானம் கோவைக்குப் புதிதன்று. 1862-ல் ஏற்பட்ட ஸ்டேன்ஸ் பள்ளியில் வாசித்தவருக்கும், 1924-ல் பீளமேட்டில் தோன்றிய ஸர்வஜன பள்ளியில் வாசித்தவருக்கும் தலை நரைத்த பின்னும் அது போவதில்லை. பந்தயத்தைப் பார்த்து எழுதும் நிருபரும் அபிமானமுள்ள மனிதரே. ஆயினும் அதை மைதானத்தின் வாயிலிலேயே விட்டுவிட்டு அவர் உள்ளே வரவேண்டும் என்கிறோம்.

பக்ஷபாதத்துக்குப் பொய் எழுத வேண்டுமென்பதில்லை. ஒரு கட்சியைப் பாராதிருந்தாலே போதும். 2016 ஜனவரியில், மும்பையை அடுத்த கல்யாணில், கே. ஸி. காந்தி பள்ளி மாணவர் பிரணவ் தனவாடே கிரிக்கெட்டில் ஆட்டமிழக்காமல் 1,009 ஓட்டங்கள் எடுத்தார். உலகப் பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. புகழுக்கு அவர் உரியவரே. ஆனால் எதிர்க்கட்சியான ஆரிய குருகுலப் பள்ளி 31-க்கும் 52-க்கும் ஆட்டமிழந்தது ஏன்? அப்பள்ளியின் பெரிய பையன்கள் பரீக்ஷையை முன்னிட்டு ஆட வரவில்லை; வெய்யிலில் பந்து வீசியவர்கள் சிறுவர்கள். மைதானமோ சிறிது. இதை விசாரித்து எழுதிய நிருபர்களும் இருந்தனர். அவர்களுக்கு நமது வந்தனம்.

தோற்ற பையனை ஏசுவதும் நடுநிலைமை ஆகாது. அவன் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரனல்லன். பொள்ளாச்சியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ பஸ் ஏறி வந்து கோவையில் தோற்றுப்போகும் பிள்ளைக்கும் ஒரு தகப்பனார் உண்டு. மறுநாள் காலையில் அவரும் பத்திரிகையைப் பிரிக்கிறார். மகன் நன்றாக ஆடியிருந்தால் அவன் பெயர் அதில் பிழையின்றி அச்சாகியிருக்க வேண்டாமா?

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த பள்ளியார் நீட்டும் காப்பியையும் நிருபர் மறுத்துவிடுவது நலம். கோவையில் அது லேசான காரியமல்ல என்பதை நாம் அறிவோம்.